ஆறாவது மேஜை

பதினோரு ஆண்டுகளில் நூற்று நாற்பத்தாறு கூட்டங்கள். அவற்றில் ஒன்றில்கூட அவர் வாய் திறந்ததில்லை. பேசுவது அவர் வேலை அல்ல. பேச வேண்டியவர்களைத் தேடிப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. அதனால் கல்வித் திட்ட அலுவலகத்தில் அவருக்கு 'ஆஜர்' என்று பெயர். வயதில் சின்னவர்கள் 'ஆஜர் அண்ணா' என்பார்கள். இயக்குநர் 'மிஸ்டர் ஆஜர்' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அலுவலகத்தின் தொழில் வருங்காலம். இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது வகுப்பறையில் என்ன இருக்கும், பாடத்தை ஆள் நடத்துவாரா கருவி நடத்துமா, அதற்கு இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துப் பதினைந்து ஆண்டுத் திட்டம் போடுவார்கள். அதிகாரிகள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதக் கூடாது, சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் வந்து சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. நல்ல விதி. ஆனால் எல்லாத் தரப்பும் தானாக நடந்து வந்துவிடுமா? ஆஜர் போன் போட வேண்டும்.

ஜன்னலோர மேஜை, இரண்டு போன், நீளமான ஒரு நோட்டு. ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு. குரலை வைத்தே ஆள் வருவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவார். 'வர்றேன் வர்றேன்' என்று இரண்டு முறை சொன்னால் வர மாட்டார். 'வரப் பார்க்கிறேன்' என்றால் நிச்சயம் வர மாட்டார். 'எங்க வெச்சிருக்கீங்க, பஸ் இருக்கா' என்று சலித்துக்கொள்பவர் மட்டும்தான் வருவார். அவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார்.

அறுபது பேரில் யாரும் அவரிடம் 'நீங்க எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை. கேட்பார்கள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆஜருக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். பிறகு பேசுவதற்கு வீட்டிலும் ஆள் குறைந்தது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஞாயிறு காலை அக்கா போன் செய்வாள். 'சாப்பிட்டியாடா' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தன் முழங்கால் வலிக்குப் போய்விடுவாள். வலது முழங்காலில் தொடங்கி இடது முழங்காலில் முடித்து, 'சரி வைக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கோ' என்பாள்.

சாயங்காலங்களில் அவருக்கு வரும் அழைப்பெல்லாம் கருத்துக் கணிப்பு நிறுவனங்களிலிருந்துதான். மற்றவர்கள் வெட்டிவிடும் அந்த அழைப்புகளை அவர் கடைசிக் கேள்வி வரை விடமாட்டார். எந்த சோப்பு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, திருப்தியா, மிகவும் திருப்தியா என்று எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வார். ஒரு நாள் ஒரு பெண் 'கேள்விகள் முடிஞ்சுது சார், நன்றி' என்றபோது, 'வேற எதுவும் இல்லையாம்மா' என்று கேட்டார். அந்தப் பெண் சற்றுத் திகைத்து, 'இல்ல சார், ஏழுதான்' என்றாள்.

இனி அந்த நூற்று நாற்பத்தாறாவது கூட்டத்துக்கு வருவோம். நகர மன்றத்தின் பெரிய கூடம், ஆறு மேஜை. ஒவ்வொன்றின் மீதும் ஓர் அட்டை: ஆசிரியர், மாணவர், பெற்றோர், தொழிலதிபர், கருவி செய்யும் நிறுவனங்கள். ஆறாவது அட்டையில் 'ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெற்றோர்' என்று இருந்தது. அந்த மேஜைக்காக மட்டும் ஆஜர் அறுபத்து மூன்று பேருக்குப் போன் போட்டிருந்தார். நாற்பது பேர் எடுக்கவில்லை. இருபத்து மூன்று பேர் 'வர்றேன் வர்றேன்' என்றார்கள். காலை பதினொரு மணிக்கு மேஜையில் ஆறு நாற்காலியும் ஒரு தண்ணீர் ஜாடியும் இருந்தன.

கூட்டத்தை நடத்த வந்திருந்த ஆலோசகர் அம்மா சுறுசுறுப்பானவர். கூட்டம் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொள்வார். காலி மேஜையைப் பார்த்தார்.

"ஆஜர், நீங்க உட்காருங்க. அவங்க இடத்துல இருந்து யோசிச்சு எழுதுங்க."

"நானா மேடம்?"

"மூணு வருஷமா அவங்ககூட போன்ல பேசுறது நீங்கதானே. வேற யாருக்குத் தெரியும்?"

அப்படி ஒரு முறை உண்டு. ஒரு தரப்பு வரவில்லை என்றால் அலுவலக ஆள் ஒருவர் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எழுதுவார். ஆனால் அதை வெள்ளைச் சீட்டில்தான் எழுத வேண்டும். உண்மையாக வந்தவர்கள் எழுதுவது மஞ்சள் சீட்டு. பிறகு தொகுக்கும்போது வெள்ளையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். இது வெறும் ஊகம், மக்கள் சொன்னது அல்ல என்பதற்கான அடையாளம் அந்த நிறம்.

அன்றைக்கு வெள்ளைச் சீட்டு தீர்ந்துவிட்டது. ஆசிரியர் மேஜையில் யாரோ அதை எடுத்துப் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும். ஆஜர் மஞ்சள் சீட்டையே எடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். சீட்டுகளைப் பிறகு டைப் செய்யப்போகும் பதிவுப் பெண்ணிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பிறகு தேநீர் வந்தது, வருகைத் தாளில் இரண்டு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, சொல்ல மறந்தார்.

முதல் பத்துச் சீட்டும் சுலபமாக வந்தன. பள்ளிச் செய்திகள் சுருக்கமாக இருக்க வேண்டும். விடுமுறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்படி. பதினோராவது சீட்டு எடுத்தபோது மற்ற மேஜைகளில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், மாணவர் மேஜையில் சிரிப்பு. அவர் எதிரே ஐந்து காலி நாற்காலி. யோசிக்காமல் எழுதினார்: 'பாடம் சொல்லித்தர எது வந்தாலும் சரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.'

எழுதி, புள்ளி வைத்து, மற்றவற்றோடு ஒட்டினார். கூட்டம் முடிந்ததும் பதிவுப் பெண் உள்ளே வந்து, சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சீட்டுகள் குப்பைக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து, கூட்டத்துக்கு வராதவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத் தொகுத்த வரைவு அறிக்கை வந்தது. நீல அட்டை. அட்டையின் நடுவில், மேற்கோள் குறிக்குள், அந்த வாக்கியம். கீழே சின்ன எழுத்தில்: 'ஒரு தாய், ஆறாவது மேஜை.'

பதிவுப் பெண் ஒரு பிரதியை அவர் மேஜைமேல் வைத்தாள். "உங்க மேஜைல வந்தது அண்ணா. டைப் பண்ணும்போதே எனக்கு என்னமோ பண்ணிடுச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'நல்லாதான் இருக்கு' என்றார்.

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அந்த வாக்கியம்தான். மாடிப்படியில் இரண்டு பேர் அதைச் சொல்லிக்கொண்டே போனார்கள். வண்டி ஓட்டுநர் 'கேட்க ஓர் ஆள் வேணும், அதான் சார் விஷயம்' என்று எல்லாரிடமும் சொன்னார். ஓர் உதவி அதிகாரி அதைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைக்கதவில் ஒட்டிக்கொண்டார். ஆஜர் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நடையைக் கொஞ்சம் குறைத்தார். பதினோரு வருடத்தில் அவர் சொன்ன ஒன்றை நான்கு பேர் திருப்பிச் சொல்வது இதுதான் முதல் முறை. சொன்னவர் அவர் என்று யாருக்கும் தெரியாததில் ஒரு சௌகரியமும் இருந்தது.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஆஜர், வெள்ளிக்கிழமை குழு கூடுது. இருநூத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடம். ஒண்ணு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி, பாடம் அதுக்குள்ளயே. இல்லாட்டி, ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு மாலை அறை, அதுல பிள்ளைங்களோட உட்கார ஒரு ஆள். ரெண்டும் சேர்த்து முடியாது. குழுல பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம்."

"சரி சார்."

"அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அட்டைல இருக்காங்களே. அஞ்சு நிமிஷம் பேசட்டும். மாலை அறைன்னு முடிவான மாதிரிதான்."

ஆஜர் இடத்துக்கு வந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு பதிவுப் பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"வெள்ளைச் சீட்டுல எழுதலையா அண்ணா?"

"தீர்ந்து போச்சு. பென்சில்ல புள்ளி வெச்சேன்."

"பென்சில் புள்ளி போட்டோல எப்படித் தெரியும்? மஞ்சள்ல கறுப்பு மையே பாதி மங்கிடுது."

"தெரியாதுதான்."

"சரி, விடுங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எழுதினது யாரா இருந்தா என்ன? அப்படி நெனைக்கிற அம்மா ஊர்ல ஒருத்தர்கூடவா இல்ல? நெஜமாவே ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பொய்யே இல்லையே."

அது அவருக்கும் சரியாகத்தான் பட்டது. அறுபத்து மூன்று எண்களில் பாதிக்கு மேல் ஒரே தொழிற்சாலைக்காரர்கள். மருந்து பாட்டில் அடைக்கும் இடம். புதன்கிழமை அவர் போனை நம்பாமல் பேருந்து ஏறி நேரில் போனார். இத்தனை வருடத்தில் அழைக்கிறவர்களைத் தேடி அவர் போனது அதுவே முதல் முறை.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. வாசலுக்கு உள்பக்கம் சுவர் நெடுக இரும்பு லாக்கர்கள். பெண்கள் வரிசையாக வந்து லாக்கரைத் திறந்தார்கள், பையை எடுப்பதற்கு முன்பு போனை எடுத்தார்கள். எல்லாரும் தலை குனிந்து, அது உயிர் பெறும் வரை நின்றார்கள். ஆஜர் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். காலை பதினொரு மணிக்கு அவர் போட்ட அழைப்புகளெல்லாம் இந்த இரும்புப் பெட்டிகளுக்குள்தான் அடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன.

நெற்றியில் தொப்பியின் அச்சு அழியாமல் ஒரு பெண் வெளியே வந்தார். ஆஜர் யார், எந்த அலுவலகம் என்று சொன்னார். அந்தப் பெண் தன் போனைத் தட்டிப் பார்த்தார்.

"இது உங்க நம்பரா? 'கூட்டம்'னு சேவ் பண்ணி வெச்சிருக்கேன். எப்பப் பார்த்தாலும் மூணு மிஸ்டு கால் இருக்கும். நீங்கதானா கூட்டம்?"

"நான்தாம்மா."

"சொல்லுங்க கூட்டம் சார். பஸ் ரெண்டு நாப்பதுக்கு. அதுக்குள்ள முடிங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஜர் அறிக்கையின் அட்டையை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார்.

"யார் எழுதினது?"

"உங்களை மாதிரி ஷிஃப்ட் வேலைக்குப் போற ஒரு அம்மா."

"இல்ல சார்."

"ஏம்மா?"

"ஷிஃப்ட்டுக்குப் போற பொம்பளை இப்படி எழுத மாட்டா. இன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்குத்தான் நான் இருக்கேனே. வீட்டுக்குள்ள கால் வெச்சா என் பொண்ணு செருப்பைக் கழட்ட விட மாட்டா, அவ்வளவு பேச்சு. ரெண்டு மணி ஷிஃப்ட் வாரத்துல காலையில தலை வாரும்போது பேசுவா. அந்த வேலைக்கு வேற ஆள் போட்டா நான் சும்மா விடுவேனா?" அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இதை எழுதினது வேற யாரோ. வீட்டுக்குப் போனா ஒருத்தரும் இல்லாத ஆளு. பாவம்."

ஆஜர் அட்டையைப் பைக்குள் வைத்தார். பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொண்டார்.

"அப்போ உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம்?" என்று சொல்லி, அந்தப் பெண் தன் போனைத் திருப்பிக் காட்டினார். பள்ளியின் செயலி. சிவப்பில் ஒரு வரிசை: முடிக்கவில்லை, முடிக்கவில்லை, முடிக்கவில்லை. "வீட்டுப்பாடம் எல்லாம் இதுல வருது. வீட்ல இருக்கறது இந்த ஒரு போன். போன் என்கூட வருது. நான் அதை லாக்கர்ல போட்டுட்டு எட்டு மணி நேரம் உள்ள போயிடறேன். ரெண்டு மணி ஷிஃப்ட்னா ராத்திரி பத்து மணிக்கு வெளிய வந்து தொறந்தா பாடம் என் கையில இருக்கு, பொண்ணு தூங்கிட்டா. பதினோரு நாள். 'பெற்றோர் கவனம் தேவை'ன்னு டீச்சர் எழுதறாங்க. எதைக் கவனிக்கிறது? லாக்கரையா?"

"பிள்ளைகிட்டயே ஒரு கருவி இருந்தா?"

"இருந்தா தீர்ந்துச்சு. வீட்டுக்குக்கூடக் குடுக்க வேணாம், பள்ளிக்கூடத்துலயே வெச்சு எழுதிட்டு வரட்டும்."

"இதை வெள்ளிக்கிழமை வந்து சொல்ல முடியுமா?"

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

அந்தப் பெண் அவரையே பார்த்தார். "அப்ப நான் எங்க இருப்பேன் சார்?"

பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் உற்சாகமாக முன்னால் வந்தார். "எனக்கு வெள்ளிக்கிழமை லீவுதான். நான் வர்றேன். என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக்குடுங்க, அப்படியே சொல்லிடறேன். பள்ளிக்கூட நாடகத்துல எல்லாம் நடிச்சிருக்கேன்."

ஆஜர் அவருடைய எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். பேருந்து வந்தது. எல்லாரும் ஏறினார்கள். வாசலில் காவலாளியும் அவரும் மட்டும் நின்றார்கள்.

வியாழன் காலை அந்த எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தார். அவர் மனதில் ஓடியது இதுதான்: அந்த நாடகக்காரப் பெண் வந்து அழுத்தமாகப் பேசினால் இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளியிலும் மாலை அறை வரும். ஓர் ஆள் உட்கார்ந்து, வரும் பிள்ளையிடம் என்ன ஆச்சு என்று கேட்பார். அதில் என்ன கெடுதல்? ஏதாவது ஒரு பிள்ளைக்கு அது தேவைப்படத்தானே செய்யும். ஆனால் சிவப்பு வரிசை லாக்கருக்குள்ளேயே இருக்கும். போனைக் காட்டிய பெண்ணின் மகளுக்குப் பன்னிரண்டாவது நாளும் 'முடிக்கவில்லை' என்று வரும், ஆறாவது மேஜை கேட்டது கிடைத்துவிட்டது என்று அறிக்கை சொல்லும். மூன்றாவது முறை அவர் எண்ணை அழுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை குழு அறையில் ஒன்பது பேர். ஆலோசகர் அம்மா கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார். இயக்குநர் கதவைப் பார்த்தார்.

"எங்க அந்த அம்மா? வெளிய உட்கார வெச்சிருக்கீங்களா?"

"அப்படி ஒருத்தர் இல்ல சார். அதை எழுதினது நான்."

யாரோ பேனா மூடியைப் போட்ட சத்தம் கேட்டது. ஆஜர் வெள்ளைச் சீட்டு தீர்ந்ததையும் பென்சில் புள்ளியையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே சின்னப் பிள்ளையின் சாக்குப் போல இருந்தது.

ஆலோசகர் அம்மா குறுக்கிட்டார். காப்பாற்றும் குரலில்தான் பேசினார். "நிறம் மாறிப்போனது தப்புதான். ஆனா அந்த அம்மாக்கள் இடத்துல இருந்து யோசிச்சு எழுதியிருக்கார். அது முறைதானே. ஊகம்னு குறிப்புப் போட்டுட்டு வெச்சுக்கலாம்."

"இல்ல மேடம்," என்றார் ஆஜர். "என் இடத்துல இருந்துதான் எழுதினேன்."

ஒருவர் தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் அறிக்கையைப் புரட்டினார்கள், அதில் புதிதாக ஏதோ இருப்பது போல. ஆஜர் நின்றபடியே லாக்கரைப் பற்றிச் சொன்னார். போன் ஒன்று, வீடு ஒன்று, எட்டு மணி நேரம், பதினோரு நாள். சரியாக நான்கு நிமிடம் பேசினார். நூற்று நாற்பத்தேழாவது கூட்டம்.

"இதை எத்தனை பேர் சொன்னாங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஒருத்தர் சார்."

"ஒருத்தர் சொன்னதை வெச்சு எப்படி முடிவெடுக்கிறது, மிஸ்டர் ஆஜர்?"

"அட்டையில இருக்கறதும் ஒருத்தர் சொன்னதுதான் சார்."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்தது தவறோ என்று நிறுத்திக்கொண்டார். இயக்குநர் சிரிக்கவில்லை. முடிவைத் தள்ளிவைப்பதாகவும், ஆறாவது மேஜையை முதலிலிருந்து நடத்தும் வரை எந்தப் பக்கத்துக்கும் சாதகமாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ஆஜரைத் திட்டவில்லை. 'நீங்க போகலாம்' என்றார்.

மதியத்துக்குள் விஷயம் எல்லா அறைக்கும் போய்விட்டது. உதவி அதிகாரியின் கதவில் அந்தத் தாள் இல்லை. நான்கு மூலையிலும் பசைநாடாவின் துண்டுகள் மட்டும் இருந்தன. ஓட்டுநர் அவரைப் பார்த்ததும் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். யாரும் முகம் சுளிக்கவில்லை, கேலி செய்யவில்லை. அதைவிட அவருக்குக் கடினமாக இருந்தது வேறு ஒன்று. 'என்னாச்சு சார், ஏன் அப்படி எழுதினீங்க' என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று அவர் எழுத்தில் கொடுத்து, அது அச்சாகி, ஒரு வாரம் எல்லார் வாயிலும் இருந்திருக்கிறது. இப்போது எழுதியவர் யாரென்று தெரிந்ததும், பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

பதிவுப் பெண் கணினியில் அந்த வரியைத் தேடி எடுத்தாள். 'ஊகம், கணக்கில் சேராது' என்று அடித்தாள். பிறகு அப்படி ஒரு குறிப்பு எதற்கு என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள், வரியையே நீக்கினாள். நீக்கும்போது திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆஜர் பக்கத்தில் நின்று, அட்டைக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டார். "பள்ளிக்கூடப் படம் ஏதாவது போடச் சொல்லியிருக்காங்க அண்ணா," என்றாள்.

அவர் நோட்டைத் திறந்து அன்று போனை எடுக்காத நாற்பது எண்களையும் புதிய பக்கத்துக்கு மாற்றி எழுதினார். மேலே, அழைக்க வேண்டிய நேரம் என்று ஒரு பத்தி போட்டார். முன்பு அப்படிப் பத்தி இருந்ததில்லை. இரண்டு மணி ஷிஃப்ட்காரர்களுக்குக் காலை ஒன்பது. காலை ஷிஃப்ட்காரர்களுக்கு மதியம் மூன்றரை, பேருந்திலிருந்து இறங்கிய பிறகு.

ஆறாவது மேஜையின் மறுகூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, தொழிற்சாலை வாசலில். மேஜை கிடையாது, அரை மணி நேரம். நடத்துவது ஆலோசகர் அம்மா, எழுதிக்கொள்வது பதிவுப் பெண். ஆஜர் வேலிக்கு வெளியே வருகைத் தாளோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது.